நடைபாதைக்காக உயர் நீதிமன்றம் போகிறவர்களுக்கு: எல்லையோர ஊரிலிருந்து ஒரு வழிகாட்டி

முதலில் முப்பது மீட்டர் டேப் ஒன்று வாங்குங்கள். வக்கீலைப் பார்ப்பது அப்புறம் இருக்கட்டும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு தாலுகாக்காரன். எங்கள் பஜாரில் நடைபாதை என்று தனியாக எதுவும் போட்டதில்லை. ஓடையை மூடிய ஸ்லாப்தான் நடைபாதை. அந்த ஸ்லாப் மேல் கடையின் படி ஏறி நிற்கும். படிக்கு முன்னால் வண்டி ஏற்ற ஒரு சரிவு, சரிவின் ஓரத்தில் பெயர்ப்பலகை, பலகையை ஒட்டி நாலு பைக். பழக்கடை என்றால் மட்டி, செந்துளுவன் வாழைக்குலைகள் தலை உயரத்தில் தொங்கும். நடக்க இடமில்லாமல் பள்ளிப் பிள்ளைகள் தாரில் இறங்கி நடப்பார்கள். திருவனந்தபுரம் பஸ்ஸின் பக்கக் கண்ணாடி அவர்கள் தோளை உரசாமல் போவதே தினமும் பெரிய காரியம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் கொட்டுகிற மாவட்டம் இது. ஓடையின் வாயைச் சரிவு அடைத்துவிட்டால் மழைத் தண்ணீரும் அதே தாரில்தான் ஓடும்.

இதற்காக நாங்கள் நாலு பேர் சேர்ந்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போய் வந்தோம். போகும்போது எங்களிடம் இருந்தது கோபமும் முப்பது போட்டோவும். வக்கீல் போட்டோக்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எது ரோடு, எது பட்டா?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டுரையின் பாதி அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

சாலை யாருடையது?

எல்லாச் சாலையும் நகராட்சியுடையது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரே பஜாரில் நடுச்சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாகவும், குறுக்குத் தெரு பேரூராட்சியுடையதாகவும், பஸ் நிறுத்தத்தை ஒட்டிய மூலை வருவாய்த் துறைப் புறம்போக்காகவும் இருக்கும். ஓடை பொதுப்பணித் துறைக் கணக்கில் வந்தாலும் ஆச்சரியமில்லை. தவறான அலுவலகத்துக்கு எழுதினால் ஆறு மாதம் கழித்து "எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும். எங்களுக்கு அப்படி இரண்டு கடிதம் வந்தது.

எந்தச் சாலை என்பதைப் பொறுத்துச் சட்டமும் மாறும். களியக்காவிளை வழியாகக் கன்னியாகுமரிக்கு வரும் 66ஆம் எண் போன்ற தேசிய நெடுஞ்சாலை என்றால் 2002ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் நிலம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டம். மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை என்றால் 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். அதில் ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரம் 28ஆம் பிரிவில் இருக்கிறது. நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சித் தெருக்களுக்குத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், கிராம ஊராட்சிக்கு 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். அரசுப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம்.

அந்தப் பழைய சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 7ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு அறிவிப்பு கொடுத்த பிறகுதான் 6ஆம் பிரிவில் அகற்றும் ஆணை போட வேண்டும். ஏழு முந்தி, ஆறு பிந்தி. இந்த வரிசையை அதிகாரி தவறவிட்டால் ஆக்கிரமித்தவர் அந்த ஒரு காரணத்தை வைத்தே ஆணையை உடைத்துவிடுவார். உங்கள் ஊரில் முன்பே அறிவிப்பு கொடுத்திருந்தால் அது எந்தப் பிரிவில் கொடுத்தது என்று பாருங்கள். "எனக்குப் பி மெமோ இருக்கு, நான் அபராதம் கட்டுதேன்" என்று கடைக்காரர் ஒரு தாளைக் காட்டினாலும் தயங்க வேண்டாம். பி மெமோ என்பது அவர் ஆக்கிரமித்திருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிவைத்த குறிப்பு. அது உரிமைப் பத்திரம் ஆகாது. சொல்லப்போனால் உங்கள் கோப்பில் வைக்க வேண்டிய நல்ல சான்று அது.

வரைபடம்தான் வழக்கு

நேரம் எடுத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இதுதான். சாலையின் சர்வே எண், அந்த எண்ணுக்குரிய புல வரைபடம், அதாவது சர்வேயர் வாயில் எஃப்.எம்.பி., கிராம நிலக் கணக்கான ஏ பதிவேட்டின் பிரதி, நகராட்சி எல்லைக்குள் என்றால் நகர நிலஅளவைப் பதிவேடு. இவை கையில் இல்லாமல் யாரையும் ஆக்கிரமிப்பாளர் என்று எழுதாதீர்கள்.

எங்கள் மாவட்டத்தில் இதில் கூடுதல் சிக்கல் ஒன்று. 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர் பக்கம் இருந்தவை. செங்கோட்டைக்கும் ஏறத்தாழ அதே கதை. ஆகவே பழைய ஆதாரங்கள் பல மலையாளத்தில் இருக்கும், வரி "தண்டப்பேர்" என்கிற பழைய வரிக்கணக்கு எண்ணில் இருக்கும், சர்வே எண் மறு அளவைக்குப் பிறகு மாறியிருக்கும். பத்திரத்தில் பழைய எண், இன்றைய வரைபடத்தில் ரீசர்வே எண். இரண்டையும் இணைக்கும் ஒப்பீட்டுப் பதிவேட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் பஜாரில் ஒரு கட்டிடக்காரர் பழைய எண்ணைக் காட்டி "இது எங்க தாத்தா நிலம்" என்று வெகுநாள் சமாளித்தார். தாத்தா நிலம் உண்மையில் ஓடைக்கு அந்தப் பக்கம் முடிந்துபோயிருந்தது. மலையாள ஆவணத்தை வாசிக்க வயதான பத்திர எழுத்தர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லையோர ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

பழைய வரைபடத்தில் அளவு லிங்க்ஸில் இருந்தால் ஒரு லிங்க் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சாலை அகலம் 60 லிங்க்ஸ் என்று போட்டிருந்தால் தரையில் 12 மீட்டர் இருக்க வேண்டும். டேப்பை விரித்தால் எட்டரை மீட்டர் வரும். மிச்சம் எங்கே போனது என்பதுதான் உங்கள் வழக்கு.

ஆனால் நீங்கள் அளந்தது நீதிமன்றத்தில் செல்லாது. உங்கள் மனத் தெளிவுக்கு மட்டும். அரசு சர்வேயர் அளந்து கல் நட்ட அறிக்கைதான் அங்கே பேசும். அதை மனுவிலேயே கேட்டு வாங்க வேண்டும்.

வரைபடம் தர இழுத்தடித்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவு செய்த விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கேள்வியை "ஏன் அகற்றவில்லை?" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்வது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: இன்ன சர்வே எண்ணில் உள்ள சாலை எந்தத் துறையின் பராமரிப்பில் உள்ளது, பதிவேட்டின்படி அதன் அகலம் என்ன, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை கொடுக்கப்பட்ட ஆக்கிரமிப்பு அறிவிப்புகளின் நகல். எங்களுக்குக் கிடைத்த பதிலில் அந்த அலுவலகமே ஏழு வருடத்துக்கு முன் எடுத்த ஆக்கிரமிப்புப் பட்டியல் ஒன்று இருந்தது. பெயர், கடை எண், எத்தனை சதுர மீட்டர் என்பது வரை எழுதி, கோப்பில் கட்டி வைத்துவிட்டார்கள். வழக்கில் எங்களுக்குக் கைகொடுத்தது அந்தப் பட்டியல்தான்.

போட்டோவும் வேண்டும். ஒரே இடத்தில் நின்று காலை, பள்ளி விடும் நேரம், ராத்திரி என்று மூன்று வேளை எடுங்கள். டேப்பைத் தரையில் விரித்து எண் தெரியும்படி எடுங்கள். சக்கர நாற்காலிக்காரர் ஒருவர் அந்த வழியே போக முடியாமல் நிற்கிற படம் அவர் சம்மதத்தோடு கிடைத்தால் இன்னும் நல்லது. சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 103ஆம் எண் நெறிமுறை நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. உங்கள் டேப் அறுபது சென்டிமீட்டர் காட்டினால் அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுங்கள், அடைமொழியே தேவைப்படாது.

உங்கள் வீட்டுப் படி

இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. வரைபடத்தை வைத்து வக்கீல் இரண்டாவதாகக் கேட்டது: "உங்க வீடு எந்த ரோட்டுல இருக்கு? உங்க படி எங்க முடியுது?"

வீட்டுக்கு வந்து அளந்தேன். என் அப்பா காலத்தில் கட்டிய இரண்டு படி ஓடை ஸ்லாப் மேல் ஒன்றரை அடி ஏறியிருந்தது. தினமும் மிதித்து இறங்குகிற படி, ஐம்பது வயது வரை கண்ணில் படவில்லை. உடைத்து உள்பக்கமாகத் திருப்பிக் கட்ட ஒரு கொத்தனாரும் மூன்று நாளும் ஆனது. வீட்டில் கேட்ட பேச்சு தனிக் கணக்கு. ஆனால் பின்னால் எதிர்த்தரப்பு முதலில் தேடியது அந்தப் படியைத்தான். மனுதாரர் நாலு பேரின் வீடு, கடை, சொந்தக்காரர் கடை எல்லாவற்றையும் வழக்குக்கு முன்பே அளந்துவிடுங்கள். பக்கத்துக் கடைக்காரரோடு உங்களுக்கு ஏற்கெனவே சிவில் வழக்கோ கொடுக்கல் வாங்கல் தகராறோ இருந்தால் நீங்கள் மனுதாரராக இருக்க வேண்டாம். மனுவை வேறொருவர் போடட்டும்.

கடவத்துக்காரியும் கான்கிரீட்டும்

ஆக்கிரமிப்பு என்றதும் ஊர் முதலில் கை நீட்டுவது மீன் விற்கிற அம்மாவையும் தள்ளுவண்டியையும்தான். நாங்களும் முதல் மனுவில் அப்படித்தான் எழுதினோம். எங்கள் பஜாரில் கடவம் என்கிற பனையோலைக் கூடையோடு உட்காருகிற ஒரு அம்மா, மனு விஷயம் காதில் விழுந்து, வழியில் மறித்துக் கேட்டார்: "மக்களே, நான் இந்தக் கடவத்த எங்க கொண்டு வைக்கட்டும்?" என்னிடம் பதில் இல்லை. சட்டத்திடம் இருந்தது.

சாலையோர வியாபாரத்தை நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட தொழில் உரிமையாக உச்ச நீதிமன்றம் சோதன் சிங் வழக்கில் 1989இல் ஏற்றது. நடைபாதையில் குடியிருப்பவரைக் கூட அறிவிப்பு கொடுக்காமல் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதற்கு முன்பே, 1985இல், ஓல்கா டெல்லிஸ் வழக்கில் சொல்லியிருந்தது. அப்புறம் 2014இல் சாலையோர வியாபாரிகள் சட்டம் வந்தது. நகர விற்பனைக் குழு அமைத்து, வியாபாரிகளைக் கணக்கெடுத்து, விற்பனைச் சான்று கொடுத்து, விற்கும் இடம் எது, விற்கக் கூடாத இடம் எது என்று பிரிக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது. இடம் மாற்றினாலும் 30 நாள் அறிவிப்பு வேண்டும். குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே உறுப்பினராக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

ஆகவே உங்கள் வேண்டுகோளை இரண்டாகப் பிரியுங்கள். நிரந்தரக் கட்டுமானம், அதாவது படி, சரிவு, ஷட்டருக்கு வெளியே போட்ட கூரை, ஜெனரேட்டர் மேடை, தளம் போட்ட காம்பவுண்டு, இவற்றை அகற்ற வேண்டும். தள்ளுவண்டி, தரைக்கடை ஆகியவற்றுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி குழு கூடி இடம் ஒதுக்க வேண்டும். இப்படிப் பிரித்தால் வியாபாரிகள் சங்கம் உங்களை எதிர்த்து நிற்காது. எங்கள் பஜாரில் அளந்து பார்த்ததில் தரைக்கடைகள் பிடித்த இடத்தைவிடக் கட்டிடங்களின் படியும் சரிவும் பிடித்த இடம்தான் அதிகம். கடவம் மத்தியானம் ஒரு மணிக்கு எழுந்து போய்விடும். கான்கிரீட் எழுந்து போகாது.

கோயில், குருசடி என்கிற சிலுவைச் சிற்றாலயம், பள்ளிவாசல் வளைவு, தலைவர் சிலை, கட்சிக் கொடிக்கம்பம் என்று இன்னொரு வரிசை இருக்கிறது. இதில் கைவைக்கப் பலரும் தயங்குவார்கள். பொதுச் சாலையில், பூங்காவில் இனி அனுமதியின்றி வழிபாட்டுக் கட்டிடம் எழக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பர் 29இல் இடைக்கால ஆணை போட்டது. ஏற்கெனவே இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கச் சொன்னது. எங்கள் மாவட்டத்தில் இதை எழுதும்போது ஒரே ஒரு விதி: எல்லாவற்றையும் எழுதுங்கள், அல்லது எதையும் எழுதாதீர்கள். ஒரு மதத்துடையதை மட்டும் பட்டியலில் போட்டால் உங்கள் வழக்கு நடைபாதை வழக்காக இருக்காது, ஊரும் ஊராக இருக்காது.

அரசே அடைத்த இடத்தையும் பட்டியலில் சேருங்கள். மின்வாரியப் பெட்டி, குடிநீர்த் தொட்டி, போலீஸ் பூத், வரவேற்புப் பலகை. வண்டி நிறுத்துவது மட்டும் போக்குவரத்துக் காவல் விஷயம். அதை நில ஆக்கிரமிப்போடு குழப்பாதீர்கள்.

மனு

"ஆணையிட வேண்டும்" என்று உயர் நீதிமன்றத்தைக் கேட்க வேண்டுமானால், அந்தக் கடமையைச் செய்யச் சொல்லி அதிகாரியிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டும், அவர் செய்யாமல் இருந்திருக்க வேண்டும். எனவே முதலில் எழுத்து மனு. ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம். கிராமம், சர்வே எண், எந்தக் கடையிலிருந்து எந்தக் கடை வரை, எத்தனை மீட்டர், எந்தச் சட்டப் பிரிவு, என்ன செய்ய வேண்டும். வரைபடப் பிரதியும் போட்டோவும் இணைப்பு. சாலைக்குரிய துறையின் கோட்டப் பொறியாளர் அல்லது நகராட்சி ஆணையர், வட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் ஆகியோருக்குத் தனித்தனியாக, ஒப்புகைச் சான்றோடு, பதிவு செய்த விரைவுத் தபாலில். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்தால் அந்தச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். சீட்டு இல்லாத மனு கொடுக்காத மனு.

சரி, எத்தனை நாள் காத்திருப்பது? இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு நினைவூட்டல் கடிதம். மனு கொடுத்துப் பத்தாம் நாள் நீதிமன்றம் போனால் அவசரக்காரர் என்று தோன்றும்.

மதுரை போகுமுன் இன்னொரு கதவு

பொதுவழியில் உள்ள தடையை அகற்றச் சொல்லி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு போடலாம். எங்கள் பக்கம் என்றால் பத்மநாபபுரம் சார் ஆட்சியர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆம் பிரிவு. வக்கீல் இல்லாமலும் போடலாம். நாலைந்து கடைதான் பிரச்சினை என்றால் இதுவே போதும் என்பது என் எண்ணம். இந்தப் பழைய பிரிவுக்கு உயிர் கொடுத்தது 1980இல் வந்த ரத்லம் நகராட்சித் தீர்ப்பு. சாக்கடை கட்டப் பணமில்லை என்று நகராட்சி சொன்னபோது, பணமில்லை என்பது சட்டக் கடமையிலிருந்து தப்ப வழியாகாது என்றது உச்ச நீதிமன்றம். எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், நம் எல்லைக்கு அந்தப் பக்கம் பாலக்காட்டில் பிறந்த தமிழர்.

தடை உங்கள் ஒரு வீட்டு வாசலை மட்டும் மறிக்கிறது என்றால் அது பொதுநல வழக்கே ஆகாது. உங்கள் பெயரிலேயே சாதாரண ரிட் மனுவோ, அதாவது அதிகாரிக்கு ஆணையிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் மனுவோ, சிவில் வழக்கோ போடுங்கள்.

எந்த உயர் நீதிமன்றம்?

நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை, சாலை எங்கே கிடக்கிறது என்பதுதான் கணக்கு. களியக்காவிளையில் குடியிருந்துகொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் இஞ்சிவிளையில் அடைபட்ட நடைபாதைக்கு வழக்குப் போட வேண்டுமென்றால் எர்ணாகுளத்திலுள்ள கேரள உயர் நீதிமன்றம்தான். அங்கே சட்டமும் வேறு: 1957ஆம் ஆண்டின் கேரள நிலப் பாதுகாப்புச் சட்டம், 1999ஆம் ஆண்டின் கேரள நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம். கேரளத்திலுள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது, தயங்காமல் பயன்படுத்துங்கள்.

இந்தப் பக்கம் கன்னியாகுமரி, தென்காசி, தேனி மாவட்டங்களுக்கு 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளை. வாளையாருக்கு இந்தப் பக்கமுள்ள கோவை, நீலகிரிக் கூடலூர் என்றால் சென்னை. திருத்தணி, காட்பாடி, கும்மிடிப்பூண்டியும் சென்னை. சாலை ஆந்திரத்து நகரியிலோ சூலூர்ப்பேட்டையிலோ இருந்தால் ஆந்திர உயர் நீதிமன்றம் இருக்கும் அமராவதி போக வேண்டும்.

ரிட் மனுவில் கவனிக்க வேண்டியவை

அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவில் போடுகிறோம். பொதுநல வழக்கு இரண்டு நீதிபதிகள் அமர்வின் முன் வரும். பிரமாணப் பத்திரத்தில் நீங்கள் யார், என்ன தொழில், ஆண்டு வருமானம், பான் எண், சொந்தச் செலவில் வழக்கு நடத்துகிறீர்கள், சொந்த லாபம் எதுவும் இல்லை, வீண் வழக்கு என்று கண்டால் செலவுத்தொகை கட்டத் தயார் என்றெல்லாம் சத்தியம் செய்ய வேண்டும். 2010இல் பல்வந்த் சிங் சௌஃபால் வழக்கில், பொதுநல வழக்குகளுக்கு விதி வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் எல்லா உயர் நீதிமன்றங்களையும் கேட்டுக்கொண்டது. சும்மா போடுகிற வழக்கு அவ்வளவு பெருகிவிட்டது. ஊரில் பணம் பிரித்திருந்தால் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லி, அதற்கேற்ப எழுதுங்கள்.

உயர் நீதிமன்ற நடவடிக்கை ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ், மலையாள ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். வழக்கு ஆவணங்களைத் தட்டச்சிட்டுக் கட்டும் டைப் செட்டில் அதையும் சேர்த்துக் கட்டுவார்கள். பிரமாணப் பத்திரத்தைத் தமிழில் ஒருமுறை வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் முதல் வரைவில் சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. அப்படியே போயிருந்தால் ஒரு பாவப்பட்ட தென்னந்தோப்புக்காரருக்கு நோட்டீஸ் போயிருக்கும்.

எதிர்மனுதாரர் பட்டியலில் அதிகாரிகளோடு, நீங்கள் பெயர் குறிப்பிடும் ஆக்கிரமிப்பாளர்களையும் சேர்க்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் அவர்களுக்கு எதிராக ஆணை வாங்கினால் அந்த ஆணை நிற்காது. நாற்பது பேர் என்றால் நாற்பது முகவரி, நாற்பது நோட்டீஸ். செலவுதான். அதற்குப் பயந்து பலர் "சட்டப்படி விசாரித்து அகற்ற வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கள் வக்கீலும் அதைத்தான் சொன்னார், நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

சட்ட ஆதாரமாக இரண்டைச் சொல்லலாம். கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், தடையில்லாத நடைபாதை 21ஆம் பிரிவின் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி நடைபாதை இருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. அடுத்தது, 2024 நவம்பர் 13ஆம் தேதிய புல்டோசர் தீர்ப்பு. வீட்டை இடிக்கப் பதினைந்து நாள் அறிவிப்பு கட்டாயம் என்ற அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் கடைக்காரர்கள் இப்போது வாதாடுகிறார்கள். சாலை, தெரு, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடத்தில் உள்ள அனுமதியற்ற கட்டுமானத்துக்கு அந்த நெறிமுறை பொருந்தாது என்று அதே தீர்ப்பு விலக்கு வைத்திருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு அறிவிப்பே வேண்டாம் என்று வாதாடிவிடாதீர்கள். 1905ஆம் ஆண்டுச் சட்டமும் 2014ஆம் ஆண்டுச் சட்டமும் கேட்கிற அறிவிப்பு அப்படியேதான் இருக்கிறது.

வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இதில் வருமான வரம்பு பார்ப்பதில்லை.

ஆணை வந்த பிறகு

பெரிய விசாரணையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாம் வாய்தாவிலேயே, "மனுதாரரின் மனுவைப் பரிசீலித்து, சம்பந்தப்பட்டவர்களுக்கு வாய்ப்பளித்து, இத்தனை வாரத்துக்குள் சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று முடித்துவிடுவார்கள். நாங்கள் மார்த்தாண்டத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறி மதுரைக் கிளை இருக்கும் ஒத்தக்கடைப் பக்கம் போய் இறங்கி, காலையில் வரிசையில் நின்று, உள்ளே எங்கள் வழக்கு நடந்தது நாலு நிமிடம். நாலு நிமிடம் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். வரைபடமும் பழைய ஆக்கிரமிப்புப் பட்டியலும் இணைப்பில் இருந்ததால் "அளந்து எல்லைக்கல் நட்டு" என்ற மூன்று சொல் ஆணையில் ஏறியது. வேலை செய்தது அந்த மூன்று சொல்தான். வேண்டுகோளில் அதை எழுத மறக்காதீர்கள், கூடவே "மீண்டும் ஆக்கிரமிப்பு நேராமல் கண்காணிக்க" என்பதையும்.

கெடு எண்ணத் தொடங்குவது தீர்ப்பு நாளிலிருந்து அல்ல, ஆணையின் நகல் அதிகாரிக்குக் கிடைத்த நாளிலிருந்து. இதைத் தெரியாமல் நாங்கள் ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். நகல் கையில் வந்த அன்றே ஒரு கடிதத்தோடு எல்லா எதிர்மனுதாரருக்கும் பதிவு செய்த விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சான்றுகளை ஒரு தாளில் ஒட்டி வையுங்கள்.

அளக்கிற நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். பேசாமல் நில்லுங்கள், ஆனால் நில்லுங்கள். சர்வேயர் எந்தக் கல்லிலிருந்து சங்கிலி பிடிக்கிறார் என்று பாருங்கள். தொடக்கக் கல்லே நகர்ந்திருந்தால் முழு அளவும் நகரும். எங்கள் அளவின்போது ஒரு பெரியவர் வந்து, "தம்பி, அந்தக் கல்லு தொண்ணூறுல ஓடை வெட்டும்போ புடுங்கி வச்சது" என்று சர்வேயரிடம் சொன்னார். அவர் நின்று யோசித்து, பாலத்துக்குப் பக்கத்திலுள்ள கல்லிலிருந்து மறுபடி பிடித்தார். முக்கால் மீட்டர் வித்தியாசம்.

பொக்லைன் வரும் நாளில் வேடிக்கை பார்க்கக் கூட்டத்தோடு நிற்காதீர்கள். நேற்று வரை சாயா குடித்த கடைக்காரர் அவர்.

கெடு தாண்டியும் எதுவும் நடக்கவில்லை என்றால் நீதிமன்ற அவமதிப்பு மனு. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி அவமதிப்பு நேர்ந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போட வேண்டும். இதில் பதவிப் பெயர் போதாது, பதவியில் இருப்பவரின் பெயரும் வேண்டும். நடுவில் அதிகாரி மாறியிருந்தால் புதியவருக்கு ஆணையின் நகலை மறுபடி அனுப்பி, அவருக்கும் அவகாசம் கொடுத்துவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்வதும் நியாயம்தான் ஆகிவிடும். பல நேரம் அவமதிப்பு மனு எண்ணிடப்பட்ட செய்தி போனதுமே வேலை தொடங்கிவிடும்.

இடித்த மறுநாளே ஓடை ஸ்லாப்பை யார் சீர் செய்வது என்று கேட்டு அடுத்த மனுவைக் கொடுத்துவிடுங்கள். உடைந்த படிக்கும் தாருக்கும் நடுவே பள்ளமாகக் கிடந்தால் யாரும் நடக்க மாட்டார்கள், இரண்டு வாரத்தில் அங்கே பைக் நிற்கும். எங்கள் பஜாரில் பாதித் தூரத்துக்கு ஸ்லாப் போட்டு முடிந்திருக்கிறது. மீதிப் பாதிக்குப் போன மனுவின் ஒப்புகை அட்டை வந்துவிட்டது. கடவத்து அம்மாவுக்குக் கணக்கெடுப்புச் சீட்டு கிடைத்திருக்கிறது, விற்பனைச் சான்று இன்னும் வரவில்லை. அதற்குத் தனியாகத் தகவல் கேட்டு எழுதியிருக்கிறேன், பத்து ரூபாய் வில்லை ஒட்டி.